பரேலா, சொந்த ஊரா? புற்றுநோய் சிகிச்சை பற்றிக் கேள்வி பதில்

மும்பையில் புற்றுநோயாளிகளுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிறேன். இங்கே பரேலில் இருக்கும் டாடா புற்றுநோய் மருத்துவமனைக்கு வருவதா, ஊரிலேயே சிகிச்சை எடுப்பதா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பெயருக்குப் பதில் அவர்கள் இருக்கும் பகுதியைப் போட்டிருக்கிறேன். பயணம், தங்குமிடம், காகிதங்கள் பற்றிக் கேளுங்கள். மருந்து அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

தாராவி: அம்மா ராமநாதபுரத்தில் இருக்கிறார். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் (சதைப் பரிசோதனையில்) வந்துவிட்டது. டாடாவுக்குக் கூட்டி வரட்டுமா?

டிக்கெட் எடுக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். இதற்குப் பெரும்பாலும் வாரம் 5 நாளாக 5 வாரம் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு கீமோ (மருந்துச் சிகிச்சை), அப்புறம் உடலுக்குள் கருவி வைத்துத் தரும் உள்கதிர்வீச்சு. எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் தள்ளிப்போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும். இரண்டு மாதம் அம்மாவோடு யார் இருப்பார்கள்? உங்கள் சம்பளம் எவ்வளவு போகும்? கையிலிருந்த காசு தீர்ந்து, பாதியில் ரயில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் மிகவும் பயப்படுவது அதற்குத்தான்.

மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது. தினமும் போய்வர முடியாது, தங்கத்தான் வேண்டும். ஆனால் அம்மாவுக்குப் பேச்சு புரியும், சொந்தக்காரர்கள் மாறி மாறித் துணைக்கு வரலாம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் செல்லும். டாடாவின் கருத்து வேண்டுமானால், பயாப்ஸியில் எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் எடுத்துக்கொண்டு நீங்கள் போய்க் கேளுங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.

மாட்டுங்கா: பம்பாயில் உட்கார்ந்துகொண்டு ஏழைகளை ஊரிலேயே கிடக்கச் சொல்கிறீர்கள். 1941 முதல் இருக்கும் டாடாவும் ஊர் ஆஸ்பத்திரியும் ஒன்றா?

ஒன்றில்லை ஐயா. அரிய வகை சார்கோமா (எலும்பு, தசை போன்றவற்றில் வரும் புற்றுநோய்), சிக்கலான அறுவை சிகிச்சை என்றால் நானே வரச் சொல்வேன். ஆனால் கருப்பைவாய், மார்பகம் போன்றவற்றுக்குச் சிகிச்சை முறை தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. அதை எல்லா ஊர்களுக்கும் கொண்டுபோகத்தான் 2012-ல் நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்கும் நேஷனல் கேன்சர் கிரிட் தொடங்கியது. டாடாவே வாராணசி, பஞ்சாபின் சங்ரூர் என்று மருத்துவமனை நடத்துகிறது. எல்லாரும் பரேலுக்கே வந்தால் போதும் என்றால் இவற்றுக்கெல்லாம் தேவை என்ன?

மீரா ரோடு: மாட்டுங்காக்காரர் சொல்வதுதான் சரி. ஊரில் கதிர்வீச்சு மெஷின் பழுதாகி என் சித்தப்பாவுக்கு ஒரு வாரம் சிகிச்சை நின்றது.

அந்தக் கோபம் நியாயம். சேரும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மெஷின், எத்தனை நாள் காத்திருப்பு, பழுதானால் எங்கே அனுப்புவீர்கள்? பதில் சரியில்லை என்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனையிலும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் விசாரியுங்கள். ஊர்ப்பக்கம் மெஷினும் ஆளும் குறைவு என்பதை நாம் பழகிப்போக விடக்கூடாது. தேசியப் பதிவேட்டில் ஆண்களிடம் புற்றுநோய் விகிதம் மிக அதிகமாகப் பதிவானது மிசோரமின் ஐஸால் மாவட்டத்தில். அங்கிருந்தும் பரேலுக்கு வருகிறார்கள். நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஒரு நோயாளியை அலையவிடுவது எந்த விதத்தில் நியாயம்?

செம்பூர்: ரயில் சலுகை உண்டா?

உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு 75 சதவீதம். சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் பயணத்துக்கு மட்டும். மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும்.

சயான் கோலிவாடா: ஊரிலிருக்கும் தங்கையை வரவழைத்து இங்கே பரிசோதனை மட்டும் செய்யலாமா?

அதற்கு ரயிலே ஏற வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தே கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவை 35 சதவீதம் குறைத்தார்கள். 2007-ல் வெளியான ஆய்வு அது. தங்கையை ஊர் அரசு மருத்துவமனையில் இந்த வாரமே காட்டச் சொல்லுங்கள்.

ஐரோலி: மாமாவுக்குக் கட்டி. பயாப்ஸி இன்னும் எடுக்கவில்லை. நேரே டாடாவுக்கு வரட்டுமா?

முதலில் ஊரில் பயாப்ஸி. ஸ்லைடு, பிளாக் பத்திரம்.

கல்யாண்: அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். மும்பையா, மதுரையா?

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் சொன்னதைப் படியுங்கள். எங்கே தொடங்கினாலும் பாதியில் விடாதீர்கள்.

முலுண்ட்: கீமோ டோஸைக் குறைக்கலாமா?

டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆன்டாப் ஹில்: அப்பாவுக்கு இனி சிகிச்சை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோவில்பட்டிக்குக் கூட்டிப் போகிறோம். வலி வந்தால்?

கிளம்பும் முன் வலி நிவாரணப் பிரிவைக் கட்டாயம் பாருங்கள். மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்து தேவை என்றால் மாத்திரை, மருந்துச் சீட்டு, ஊருக்குப் பக்கத்தில் அது கிடைக்கும் மருத்துவமனை எது என்ற விவரம், மூன்றையும் கையில் வாங்குங்கள். மார்ஃபினைக் கட்டுப்படுத்தும் போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் தளர்த்தினார்கள். ஆனாலும் சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. கையிருப்பு தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள், மார்ஃபினோடு அது வரும்.