சொந்தம் சரி, என்ன முறை?

அன்புள்ள ஐயா,

முதுகலை உயிரித்தொழில்நுட்பம் முதலாண்டு படிக்கிறேன். இரண்டு மரபணுக்களின் எழுத்துவரிசை ஒத்துப்போனால் ஒரே குடும்பம் என்று கணினியே நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க, பக்கத்தில் எந்தெந்த மரபணு நிற்கிறது என்று பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அது எதற்கு?

ச.

அன்புள்ள ச.,

ஒத்துப்போனால் சொந்தம், அதில் தகராறு இல்லை. ஆனால் என்ன முறை என்பதை அது பல சமயம் சொல்லாது.

ரொட்டி ஈஸ்ட்டில் பாருங்கள். பத்தாவது குரோமோசோமில் சிஒய்சி1, ஐந்தாவதில் சிஒய்சி7, இரண்டும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்தைச் செய்யும் மரபணுக்கள். சிஒய்சி1 பக்கத்தில் யூடிஆர்1, கொஞ்சம் தள்ளி ஓஎஸ்எம்1. சிஒய்சி7 இருக்கும் பகுதிக்குப் போனால் யூடிஆர்1-இன் சொந்தமான ஒய்இஎஃப்1-உம் ஓஎஸ்எம்1-இன் சொந்தமான எஃப்ஆர்டி1-உம் நிற்கின்றன. ஒரு மரபணு தனியாக நகலாகி எங்கோ போய் ஒட்டிக்கொண்டிருந்தால் அக்கம்பக்கமும் கூடவே வந்திருக்காது. இந்த மாதிரி ஜோடித் துண்டுகள் மரபணுத்தொகுதி முழுக்க இருப்பதை வைத்துத்தான் 1997இல் டப்ளினில் உல்ஃப், ஷீல்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இந்த ஈஸ்ட்டின் மூதாதையில் மரபணுத்தொகுதி மொத்தமும் ஒருமுறை இரட்டித்தது என்றார்கள். 2004இல், அந்த இரட்டிப்புக்கு முன்பே பிரிந்துபோன க்ளூவெரோமைசெஸ் வால்டீ என்ற ஈஸ்ட்டின் மரபணுத்தொகுதியை வாசித்ததும் அது உறுதியானது: அதற்கு 8 குரோமோசோம், ரொட்டி ஈஸ்ட்டுக்கு 16, அங்கே உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் இங்கே இரண்டு துண்டு.

இரட்டித்த மரபணுக்களில் பெரும்பாலானவற்றில் ஒரு நகல் அழிந்துவிட்டது. சிக்கலே இங்குதான். ஒரு இனத்தில் அண்ணன் வழி அழிந்து, இன்னொரு இனத்தில் தம்பி வழி அழிந்தால், மிஞ்சிய இரண்டும் பங்காளிகள். ஆனால் ஒப்பிட வேறு ஆளே இல்லாததால் கணினி இரண்டையும் நேர் இணை, அதாவது ஒரே நகலின் வழி வந்தவை, என்று பதிந்துவிடும், நீங்களும் அதை நம்பி வம்சமரம் வரைவீர்கள், மரம் தப்பாக வரும். 2006இல் ரொட்டி ஈஸ்ட், கேண்டிடா கிளாப்ரட்டா உள்பட மூன்று ஈஸ்ட் இனங்களை ஒப்பிட்டபோது, எந்த இரண்டை எடுத்தாலும் ஒற்றையாக நிற்கும் மரபணுக்களில் 4 முதல் 7 சதவீதம் இப்படிப்பட்ட பங்காளிகள்தான். அதைக் காட்டிக்கொடுத்தது அக்கம்பக்கம்.

தூரத்து உறவுகளில் இது உதவாது. ஈஸ்ட்டையும் மனிதனையும் வைத்து ஒப்பிட்டால் மரபணுக்கள் நிற்கும் வரிசை எப்போதோ கலைந்துபோயிருக்கும், அங்கே எழுத்துவரிசைதான் கதி. சரி, பாடத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. அதே டப்ளின் குழுவின் 'ஈஸ்ட் ஜீன் ஆர்டர் பிரவுசர்' என்ற கருவி இணையத்தில் இருக்கிறது, அதில் சிஒய்சி1 என்று தேடி, இரண்டு பக்கமும் நாலைந்து மரபணுக்கள் வரைக்கும் நிதானமாகப் பாருங்கள்.