செம்பருத்தி மொட்டை மான் தின்றால்

வணக்கம் அம்மா. மொரீஷியஸின் ஷாமரெல் ஊரில் உள்ள உங்கள் வீட்டில் நவம்பரில் பூக்கத் தொடங்கிய செம்பருத்தி, ரோஜா மொட்டுகளை ராத்திரியில் ஏதோ கடித்துப் போகிறது, மானா என்று கேட்டிருந்தீர்கள். காம்பைப் பாருங்கள். நார்நாராகக் கிழிந்திருந்தால் மான்தான். அதற்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, பிய்த்துத்தான் தின்னும்.

1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான் இது, நன்றாகத் தாவும். இடுப்பளவு வேலி போதாது, 2 மீட்டராவது வேண்டும். செலவு கட்டாது என்றால் ரோஜாவை மட்டும் வலையால் சுற்றுங்கள். முட்டையைத் தண்ணீரில் அடித்துத் தெளித்தாலும் அந்த வாடைக்குத் தயங்கும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். அரளியைத் தொடாது, ஆனால் அது நச்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

அப்புறம், செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். என் செம்பருத்தி மூன்று முறை மொட்டையாகியும் துளிர்த்தது.