கடனைக் குறைக்கவா அமெரிக்க அரசை முடக்குகிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவின் கடன் ஏறிக்கொண்டே போகிறது. பட்ஜெட்டை நிறைவேற்ற விடாமல் ஒரு கட்சி அரசை முடக்கினால் செலவு குறையும்தானே? கொஞ்ச நாள் வலித்தாலும் நாட்டுக்கு நல்லதுதானே?

குறையாது. இப்படிச் சொல்வதால் என்னை ஏதோ ஒரு கட்சியின் ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கிரீன் கார்டில் இருப்பவன், எனக்கு இங்கே ஓட்டே கிடையாது. கடனைப் பற்றிக் கவலை இல்லாதவனும் அல்ல. 2024 நிதியாண்டில் கடனுக்குக் கட்டிய வட்டியே ராணுவச் செலவைத் தாண்டிவிட்டது. அந்த வட்டியில் என் வரியும் இருக்கிறது, நாளை என் பிள்ளைகளின் வரியும் இருக்கும். அதனால் கடன் குறைய வேண்டும் என்று மனதார நினைப்பவன்தான் இதை எழுதுகிறேன்.

ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு இப்படி முடங்குவதைத்தான் ஷட்டவுன் என்கிறார்கள். நீங்கள் அதைச் செய்தியில் மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "கொஞ்ச நாள் வலி" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அந்த வலி யாருக்கு என்று சொல்கிறேன்.

2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் அரசின் பல துறைகள் முடங்கின. எல்லைச் சுவர் கட்ட 570 கோடி டாலர் வேண்டும் என்று அதிபர் டிரம்ப் கேட்டார், ஜனநாயகக் கட்சி மறுத்தது. கவனியுங்கள், கடனைக் குறைப்பது பற்றிய சண்டையே அல்ல அது. அப்போது நான் வாஷிங்டன் பக்கத்தில் ஒரு மத்திய அரசுத் துறைக்கு மென்பொருள் வேலை செய்துகொண்டிருந்தேன். அரசு ஊழியனாக இல்லை, கான்ட்ராக்டராக. துறை ஒரு பெரிய நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்கும், அது ஒரு சின்ன நிறுவனத்திடம் கொடுக்கும், அந்தச் சின்ன நிறுவனத்தின் ஆள் நான்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் வேலையை நிறுத்தச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. முதலில் சேர்த்து வைத்த விடுப்பைத் தீர்த்துவிடுங்கள், அப்புறம் சம்பளமில்லா விடுப்பு என்றார்கள். அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதற்காகவே அந்த விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் வீட்டில் சும்மா உட்கார்ந்தே கரைந்தது. ஜனவரியில் சம்பளம் வரவில்லை. மருத்துவக் காப்பீட்டில் என் பங்கை மட்டும் தவறாமல் கேட்டார்கள். மனைவியின் சம்பளத்தில்தான் வாடகை கட்டினோம். அவளும் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். அதே கட்டடத்தில் கழிவறை கழுவியவர்களும் கேன்டீனில் பரிமாறியவர்களும் கான்ட்ராக்ட் ஆட்கள்தான். அவர்களுக்கு அந்த இன்னொரு சம்பளமும் இருந்திருக்காது.

சரி, இதில் அரசுக்கு என்ன மிச்சம்? என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரசு ஊழியரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். முடக்கம் முடிந்ததும் அவருக்கு விட்டுப்போன சம்பளம் முழுவதும் வந்தது. இனி எந்த ஷட்டவுன் வந்தாலும் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று அந்த ஜனவரியிலேயே சட்டம் போட்டார்கள். அவருக்குக் கிடைத்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் நடக்காத வேலைக்கும் அரசு சம்பளம் கொடுக்கிறது என்றால் அதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? கான்ட்ராக்டில் இருந்த குறைந்த கூலிக்காரர்களுக்காவது ஏதாவது கொடுக்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். பிப்ரவரியில் நிறைவேறிய ஒதுக்கீட்டில் அது இடம்பெறவில்லை. அந்த முடக்கத்தால் பொருளாதாரத்துக்குத் திரும்பவே வராத இழப்பு சுமார் 300 கோடி டாலர் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது. அதே பிப்ரவரியில் நாட்டின் கடன் 22 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

2025-இலும் இதே கதைதான். அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள். இந்த முறை மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்கச் சொல்லி ஜனநாயகக் கட்சி பிடிவாதமாக நின்றது. நூறு பேர் கொண்ட மேலவையான செனட்டில் 60 ஓட்டு இல்லாமல் இடைக்கால ஒதுக்கீட்டைக்கூட நகர்த்த முடியாது என்பதால் குடியரசுக் கட்சியால் தனியாக எதுவும் செய்ய முடியவில்லை. முடக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே கடன் 38 லட்சம் கோடியைத் தாண்டியது.

காரணம் எளிது. ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டு ஒதுக்கும் பணம் மொத்தச் செலவில் கால் பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். அதிலும் ஏறக்குறைய பாதி ராணுவத்துக்கு. சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியம், முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் என்ற மருத்துவத் திட்டங்கள், வட்டி எல்லாம் யாருடைய ஓட்டுக்கும் காத்திருக்காமல் போய்க்கொண்டே இருக்கும். கடனை ஏற்றும் பெரிய சட்டங்களுக்கு 60 ஓட்டும் வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேற்றும் வழி இருக்கிறது. 2021-இல் ஜனநாயகக் கட்சி 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டத்தை அப்படித்தான் கொண்டுவந்தது. 2025-இல் குடியரசுக் கட்சியும் வரிச் சட்டத்தை அப்படித்தான் கொண்டுவந்தது. அது பத்தாண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி கூட்டும் என்பது அதே பட்ஜெட் அலுவலகத்தின் கணக்கு. அந்த இரண்டு முறையும் கடனைக் காட்டி யாராலும் அரசை முடக்க முடியவில்லை.

1995-96-இல் 21 நாள் முடக்கம் நடந்ததால்தான் பிறகு உபரி பட்ஜெட் வந்தது என்று யாராவது கீழே எழுதக்கூடும். 1998 முதல் 2001 வரை உபரி இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு அடித்தளம் போட்டது 1990-இல் இரு கட்சிகளும் சேர்ந்து செய்த ஒப்பந்தம், 1993-இல் ஏற்றிய வரி, 1997 ஒப்பந்தம், கூடவே அப்போதைய நல்ல பொருளாதார வளர்ச்சி. 2011-ஐக் காட்டினால் மட்டும் ஓரளவு ஒப்புக்கொள்வேன். அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பை உயர்த்த மறுத்து நடந்த அந்தச் சண்டையில் செலவுக்கு உச்சவரம்பு வந்தது, சில ஆண்டுகள் செலவும் அடங்கியது. பிறகு இரு கட்சிகளும் கைகோத்து அந்த வரம்பைத் திரும்பத் திரும்பத் தளர்த்தின. கடைசியில் நாட்டின் கடன் தரமதிப்பு ஏஏஏ என்ற உச்ச நிலையிலிருந்து இறங்கியதுதான் நிலைத்தது.

கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த ஜனவரியில் இங்குள்ள நம் ஆட்களின் வாட்ஸப் குழு ஒன்றில் "ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைக்காதவர்கள் புலம்பக் கூடாது" என்று ஒருவர் எழுதினார். பலர் அதற்குக் கைதட்டினார்கள். நான் யாரிடமும் கடன் கேட்கவில்லை, புலம்பவும் இல்லை. குடும்பத்தோடு எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டவர் அவர். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தீர்ந்துபோன விடுப்பை நிறுவனம் திருப்பித் தரவில்லை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அடுத்த ஆண்டே அரசு கான்ட்ராக்ட் வேலையை விட்டு தனியார் பக்கம் வந்துவிட்டேன். 2025 அக்டோபரில் பழைய குழுவில் இருந்த தம்பி ஒருவனுக்கு போன் செய்தேன். முதலில் விடுப்பைத் தீர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் அண்ணா என்றான்.