புருவத்தில் பிறந்த சொல்

கேள்வி: ஒருவரை ஆங்கிலத்தில் ‘சூப்பர்சிலியஸ்’ என்கிறார்களே, ‘சூப்பர்’ இருப்பதால் அது பாராட்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாராட்டே இல்லை. மற்றவர்களைத் துச்சமாகப் பார்க்கிற, தலைக்கனம் பிடித்த ஆள் என்று பொருள்.

லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேலே, ‘சிலியம்’ என்றால் இமை. இமைக்கு மேலே இருப்பது புருவம், அதாவது ‘சூப்பர்சிலியம்’. ரோமானியர்கள் அதே சொல்லைக் கண்டிப்புக்கும் கர்வத்துக்கும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்துக்கு அது 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. பெரிய நகைக்கடைக்குச் சாதாரணப் பருத்திச் சேலையில் போய்ப் பாருங்கள். விற்பனையாளர் வாயே திறக்கமாட்டார். ஒற்றைப் புருவம் மட்டும் மேலே போகும், பார்வை செருப்பு வரை இறங்கி வரும். எனக்கு இது நடந்திருக்கிறது, நேரடியாகத் திட்டுவதைவிட அதிகம் வலிக்கும்.

அந்த லத்தீன் சொல் பறவை நூல்களில் அப்படியே வாழ்கிறது. கண்ணுக்கு மேல் ஓடும் கோட்டுக்கு அதுதான் பெயர். நம் ஆற்றங்கரைகளில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் வெண்புருவ வாலாட்டியைக் கவனியுங்கள். கறுப்புத் தலையில் அலகிலிருந்து பின்னோக்கி நீளும் பட்டை வெள்ளை. அதன் அறிவியல் பெயரில் நம் மதராஸும் இருக்கிறது: ‘மோட்டசில்லா மதெராஸ்படென்சிஸ்’.

அப்புறம், வெளிப்படையாக ஏசுகிறவரை ‘சூப்பர்சிலியஸ்’ என்று சொல்வதில்லை. பார்வை, புன்னகை, குரல் ஆகியவற்றில் தெரியும் அலட்சியத்துக்கே இந்தச் சொல்.