மூணாறு மூடுபனி படத்தில் சாம்பலாக விழுந்தால்

தேயிலைத் தோட்டத்தில் காலை மூடுபனியை எடுத்தால் அழுக்குச் சாம்பலாக விழுகிறது, ஆசிரியரும் 'போஸ்ட்கார்டு மாதிரி இருக்கு' என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கேமராவில் கோளாறு இல்லை. எதைக் காட்டினாலும் அதன் ஒளிமானி நடுச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியைக் கண்டால் வெளிச்சம் கூடிவிட்டது என்று குறைத்துவிடும். கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வையுங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாதவரை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலாக எடுத்தால் நிறத்தை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

போஸ்ட்கார்டு விஷயம் வேறு. நானும் மூணாறுக்குப் பக்கத்துத் தேவிகுளத்தில் ஒரு வருடம் மலைச்சரிவாகவே எடுத்துத் தள்ளினேன், அத்தனையும் காலண்டர் படம்! 50 எம்எம் லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போங்கள். கொழுந்து பறிக்கக் கிளம்பும் அக்காக்கள் இடுப்பில் சாக்கு கட்டுவது, வாசலில் காயும் பூட்ஸ், அடுப்புப் புகை. கேட்டுவிட்டு எடுங்கள், அடுத்த முறை பிரின்ட் போட்டுக் கொடுங்கள், பால் சேர்க்காத ஒரு கட்டஞ்சாயாவாவது கிடைக்கும்.

குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழைந்தால் லென்ஸில் நீர் கோக்கும். வெளியிலேயே கேமராவை ஜிப் கவருக்குள் போட்டு மூடிவிட்டு உள்ளே போங்கள், சூடு ஏறிய பிறகு எடுங்கள். சட்டைத் துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்.