கம்ப்யூட்டர் மனுஷங்களோட அறிவை எப்படி சேமிச்சு, அடுக்கி, பகிர்ந்துக்குது?

கேள்வி கேட்டவர் கீழ இன்னொண்ணும் சேர்த்திருக்கார், ஹார்ட் டிஸ்க்ல இருக்கறது வெறும் 0, 1 தானே, அதுல எப்படி அறிவு இருக்கும்னு. நான் காட்பாடி. சத்துவாச்சாரில ஒரு டிடிபி சென்டர்ல ஏழு வருஷம் டைப் அடிச்சேன், இப்ப பழைய ரெக்கார்டுங்கள டேட்டாபேஸ்ல ஏத்துற வேலை பார்க்கறேன், அதனால எனக்குக் கைல பட்டத வச்சே சொல்றேன்.

0, 1 வெறும் நம்பர் தான். அந்த நம்பருக்கு இன்ன எழுத்துன்னு எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்ட ஒரு பட்டியல் வேணும், அது இல்லன்னா ஃபைல் பத்திரமா இருந்தும் ஒண்ணும் படிக்க முடியாது. டிடிபில நாங்க பாமினி ஃபான்ட்ல தான் அடிப்போம். அதுல தமிழ்னு அடிச்சா ஸ்க்ரீன்ல தமிழ்னு தெரியும், ஆனா ஃபைலுக்குள்ள போய் உட்கார்றது இங்கிலீஷ் ஜே, கே, பி, ஓ, கடைசில ஒரு செமிகோலன். ஃபான்ட் தான் ஜே-வ த மாதிரி வரைஞ்சு காட்டுது. ஒரு தடவ ஒரு அம்மா பாகப்பிரிவினை பத்திரத்தோட பழைய ட்ராஃப்ட் இருக்கற சிடிய எடுத்துக்கிட்டு வந்தாங்க, நாங்க மாத்தியிருந்த புது சிஸ்டத்துல அந்த ஃபான்ட் இல்ல, முழுப் பக்கமும் அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தா வந்துச்சு, அந்தம்மா முகம் அப்படியே வாடிப் போச்சு. அப்புறம் ஃபான்ட் தேடி ஏத்தி எடுத்துக் குடுத்தோம்.

யூனிகோட் இத தான் சரி பண்ணுச்சு. தமிழுக்குன்னு 128 இடம் தனியா ஒதுக்கி, த-ன்னா உலகத்துல எந்த மெஷின்லயும் ஒரே நம்பர். வேலூர்னு அடிச்சா மூணு எழுத்து தான் நம்ம கண்ணுக்கு, உள்ள வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளின்னு ஆறு குறி, அந்த நம்பர ஃபைல்ல எழுதற யூடிஎஃப் 8ங்கற முறைல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக 18 பைட். இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, கொ-வ கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாவும் வைக்கலாம், ரெண்டையும் தனித்தனியாவும் வைக்கலாம், பார்க்க ஒண்ணு தான், ஆனா ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வராம விட்டா தேடும்போது ஒண்ணு மாட்டும் ஒண்ணு மாட்டாது.

சேமிக்கறது இவ்ளோ தான். என்னைக் கேட்டா நிஜமான கஷ்டம் அடுக்கறதுல இருக்கு.

எங்க தாத்தா பத்திரத்துல வட ஆற்காடு ஜில்லா வாலாஜா தாலுக்கான்னு இருக்கும். 1989ல ஜில்லாவ ரெண்டா பிரிச்சதும் அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆச்சு, அப்புறம் வேலூர் மாவட்டம், 2019ல மறுபடி பிரிச்சதுல ராணிப்பேட்டை மாவட்டம். நிலம் அதே இடத்துல தான் இருக்கு, பேரு மட்டும் நாலு. இத கம்ப்யூட்டர்ல அப்படியே ஏத்தினா அதுக்கு இது நாலு வேற வேற இடம், யாராவது சொல்ற வரைக்கும் அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால பேர நம்பாம ஒரு பொருளுக்கு ஒரு நம்பர் குடுக்கணும், பேரெல்லாம் அந்த நம்பருக்குக் கீழ, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைன்னு. வேலூர்க்காரங்களுக்கு இது சுலபமா புரியும், பெரிய ஆஸ்பத்திரிக்கு பெங்கால்ல இருந்து, அஸ்ஸாம்ல இருந்து எவ்ளோ பேர் வராங்க, ஒரே பேர ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா எழுதுவாங்க, காந்தி ரோடு லாட்ஜ்ல ஒரு ஸ்பெல்லிங், கவுன்ட்டர்ல ஒரு ஸ்பெல்லிங், ஆனா சீட்டுல இருக்கற ஆஸ்பத்திரி நம்பர் மாறாது, ஆறு வருஷம் கழிச்சு வந்தாலும் அந்த நம்பர் வழியா பழைய ஸ்கேன் வரைக்கும் எடுத்துடலாம். 1970ல ஐபிஎம்ல இருந்த காட்னு ஒருத்தர் டேட்டாவ டேபிளா பிரிச்சு இந்த மாதிரி பொது நம்பரால கோர்க்கலாம்னு எழுதினார், இன்னிக்கும் பேங்க், ரேஷன் எல்லாம் பெரும்பாலும் அந்த முறைல தான் ஓடுது. விக்கிப்பீடியாவோட கூடப்பிறந்த தகவல் களஞ்சியம் விக்கிடேட்டாவும் அதே மாதிரி தான், ஒவ்வொரு ஊருக்கும் ஆளுக்கும் க்யூ-ல ஆரம்பிக்கற ஒரு நம்பர்.

கம்ப்யூட்டருக்கு முன்னாடியே நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன் இதப் பத்தி யோசிச்சிருக்கார்ங்கறது எனக்குப் பெரிய சந்தோஷம். மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியன். ஒரு புக்க ஒரே ஒரு தலைப்புல அடைக்காம, அத பல முகமா பிரிச்சு குறி போடலாம்னு கோலன் பகுப்பு முறைய 1933ல கொண்டு வந்தார். ஆம்பூர் தோல் பதனிடுற தொழில் பத்தி ஒரு புக்குன்னா தோல் ஒரு முகம், பதனிடுறது ஒண்ணு, ஆம்பூர் ஒண்ணு, காலம் ஒண்ணு. இன்னிக்கு ஆன்லைன்ல நாம சைஸ், கலர், விலைன்னு ஃபில்டர் போடறோமே, யோசனை ஒண்ணு தான்.

தேடறது புக்குக்குப் பின்னாடி இருக்கற சொல்லடைவு மாதிரி. பாலாறுங்கற சொல் எந்தெந்தப் பக்கத்துல வருதுன்னு முன்னாடியே பட்டியல் போட்டு வச்சிருக்கும், நீங்க கேட்டதும் அந்தப் பட்டியல தான் புரட்டுது, ஒவ்வொரு பக்கமா போய் படிக்கறது இல்ல.

பகிர்றதுக்கு வந்தா, 1989ல செர்ன்ங்கற ஐரோப்பிய இயற்பியல் ஆராய்ச்சி மையத்துல டிம் பெர்னர்ஸ் லீ வெப்புக்கு முதல்ல எழுதின திட்டத்தப் படிச்சா மனசுக்கு ரொம்ப நெருக்கமா இருக்கும். அங்க ஆளுங்க சாதாரணமா ரெண்டு வருஷம் தான் இருப்பாங்க, போகும்போது தெரிஞ்சதும் கூடவே போயிடுதுன்னு தான் ஆரம்பிக்கறார், அதுக்காக தான் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க். 1993ல செர்ன் அத எல்லாருக்கும் இலவசமா விட்டுடுச்சு. காசு கேட்டிருந்தா நம்ம கைக்கு இந்த வேகத்துல வந்திருக்காதுன்னு தான் நான் நினைக்கறேன்.

அந்த ஆளுங்க போறாங்கங்கற வரி எனக்கு ரொம்ப உறைச்சுது. எங்க தாத்தாவுக்கு எங்க ஏரிக்குப் பாலாத்துல இருந்து தண்ணி வர்ற கால்வா, மதகு, எந்த மதகுக்கு எந்த கழனின்னு எல்லாம் மனசுல இருக்கு, ஏரித் தண்ணிய கழனிங்களுக்குப் பிரிச்சு விடற நீர்க்கட்டி வேலை செஞ்சவங்க கூடவே சுத்தினவர். எந்தத் தேடல்லயும் அது வராது, ஏன்னா யாரும் அடிச்சே வைக்கல. போன பொங்கலுக்குப் போய் பக்கத்துல உட்கார்ந்தேன், "இன்னாத்துக்குடா இதெல்லாம் எழுதிக்கினு கீற"ன்னார், ஆனா விடிய விடிய சொன்னார். இதுவரைக்கும் ஒம்பது மதகு பேர் ஆச்சு, யூனிகோட்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போட்டு, ஒரே மதகுக்கு ரெண்டு பேர் இருந்தா ரெண்டையும் அந்த நம்பருக்குக் கீழ. கீழக்கோடி மதகு மட்டும் பாக்கி, அடுத்த வாரம் அவரை வண்டில உட்கார வச்சு நேர்ல கூட்டிட்டுப் போறேன்.