கூப்பன் கோடு போட்டு எடுத்த ஆர்டரைக் கடை கேன்சல் செய்யலாமா?

கேள்வி: ஆன்லைன் கடை ஒன்று தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 40 சதவீதத் தள்ளுபடிக்கு ஒரு கூப்பன் கோடு வெளியிட்டிருந்தது. 5,000 ரூபாய் மிக்ஸி, கோடு போட்டதும் 3,000 ரூபாய் ஆனது. யுபிஐயில் பணம் கட்டினேன். ‘உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது’ என்று மெயிலும் வந்தது. மறுநாள் மாலை, ‘தொழில்நுட்பக் கோளாறால் கோடு தவறுதலாக ஏற்கப்பட்டுவிட்டது, ஆர்டர் ரத்து, பணம் திரும்ப வரும்’ என்று மெசேஜ். அதே மிக்ஸி இன்னும் அங்கே முழு விலைக்கு இருக்கிறது. கோடு கொடுத்தவர்களே இப்படிச் செய்யலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் விஷயத்தில் செய்யக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் ‘கோடை ஏற்றுக்கொண்டுவிட்டால் பொருளைத் தந்தே தீர வேண்டும்’ என்று ஒரே வரியில் எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. கடைக்காரர்கள் நுழைந்து வெளியேறுவது அந்த இடைவெளியில்தான்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒருவர் முன்வைப்பதை மற்றவர் ஏற்றால்தான் ஒப்பந்தம். ஆன்லைனில் செய்தாலும் அது செல்லும் என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு உறுதி செய்கிறது. சிக்கல், யார் முன்வைத்தது, யார் ஏற்றது என்பதில். தளத்தில் விலை போட்டிருப்பது, ‘வாருங்கள், கேளுங்கள்’ என்ற அழைப்பு மட்டுமே, ஆர்டர் போடும் நீங்கள்தான் முன்வைக்கிறீர்கள் என்பது கடைகளின் வாதம். பெரிய தளங்கள் பலவும் தங்கள் நிபந்தனைகளில் இதை எழுதியே வைத்திருக்கின்றன: ஆர்டர் போட்டதும் வரும் மெயில் வெறும் ரசீதுதான், பொருளை அனுப்பிவிட்டோம் என்ற மெயில் வரும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகிறது என்று. யாரும் படிக்காமல் டிக் அடித்துவிட்டுப் போகும் அந்தப் பக்கம்தான்.

அதனால் முதலில் உங்களுக்கு வந்த மெயிலைத் திறந்து வார்த்தைகளைப் பாருங்கள். ‘உங்கள் ஆர்டர் எங்களுக்குக் கிடைத்தது’ என்பது வேறு, ‘உறுதி செய்யப்பட்டது’ என்பது வேறு. உங்களுக்கு வந்தது இரண்டாவது. பணத்தையும் வாங்கிக்கொண்டு, உறுதி என்றும் எழுதிவிட்டு, பிறகு ஒப்பந்தமே ஏற்படவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் அது சுலபமாக எடுபடாது.

எடுபடாமல் போன வழக்கும் உண்டு. 2014இல் ஒடிசாவைச் சேர்ந்த சட்ட மாணவர் ஒருவர் அமேசானில் 23,499 ரூபாய் லேப்டாப் 190 ரூபாய்க்கு இருப்பதைப் பார்த்து ஆர்டர் போட்டார். ஆர்டர் உறுதியானது. கொஞ்ச நேரத்தில், விலையில் ஏதோ பிரச்சினை என்று சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். அவர் விடவில்லை. மாவட்ட அளவில் கிடைத்த சிறு தொகை போதாது என்று மேல்முறையீடும் செய்தார். 2021 ஜனவரியில் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம், ஆஃபர் அறிவித்து, ஆர்டர் போட்டு, அது உறுதியும் ஆனபின் ஒப்பந்தம் முழுமையாகிவிட்டது என்று சொல்லி, இழப்பீடு, தண்டனை இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஆறு வருடத்துக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கிடைத்தது பணம்தான், லேப்டாப் அல்ல.

உங்கள் கை அந்த மாணவரின் கையை விட வலுவானது. அவர் பார்த்த விலை, யாரோ தட்டச்சில் சொதப்பியது போலத் தெரிந்த விலை. உங்களுடையது கடையே தன் பக்கத்தில் விளம்பரம் செய்த சலுகை. 40 சதவீதம் தள்ளுபடி என்பது தீபாவளி, ஆடி என்று எந்தக் கடையிலும் நடப்பதுதான், அதை நம்பியதில் பேராசை எதுவும் இல்லை.

இங்கே ஒப்பந்தச் சட்டத்தை விட நுகர்வோர் சட்டம் உங்களுக்கு அதிகம் உதவும். மலிவு விலைக்குத் தருவதாக விளம்பரம் செய்துவிட்டு, அந்த விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமல் இருப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்களும் இதையே தூண்டில் விளம்பரம் என்ற பெயரில் பேசுகின்றன. சொன்ன விலைக்குப் பொருளைத் தரும் நியாயமான வாய்ப்பு இல்லாமல் ஆட்களை இழுக்கக் கூடாது. ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லியிருந்தாலாவது கடைக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். அதே மிக்ஸி முழு விலைக்கு இன்னும் விற்பனையில் இருப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் மிக நல்ல சாட்சி.

ஆகவே வேறெதற்கும் முன் ஸ்கிரீன்ஷாட். இன்ஸ்டாகிராம் பதிவு, அதன் கீழே இருக்கும் நிபந்தனைகள், ‘கோடு ஏற்கப்பட்டது’ என்று பச்சையில் வந்த வரி இருந்தால் அது, மெயில், யுபிஐ பரிவர்த்தனை எண், ரத்து மெசேஜ், இன்றைய தேதியில் அந்த மிக்ஸியின் பக்கம். பதிவை நாளைக்கே எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் தளத்தில் குறைதீர் அலுவலர் பெயரைத் தேடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேர் சாட்டில் ரோபோவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மெயில் சுருக்கமாக இருக்கட்டும்: ‘இந்தத் தேதியில் நீங்கள் விளம்பரம் செய்த கோடைப் பயன்படுத்தி இந்த எண் ஆர்டரைப் போட்டேன். உறுதி செய்து பணமும் பெற்ற பிறகு ரத்து செய்திருக்கிறீர்கள். அதே விலைக்குப் பொருளை அனுப்புங்கள், இல்லையேல் விலை வித்தியாசம் 2,000 ரூபாயைத் தாருங்கள்.’ கோபத்தை விட்டுவிடுங்கள். இந்த மெயில் பின்னால் ஆணையத்தின் முன் போய் நிற்கும் காகிதம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இது நீதிமன்றம் அல்ல, நடுவில் நின்று கடையோடு பேசிப் பார்க்கும் ஏற்பாடு. 2,000 ரூபாய் விவகாரத்துக்கு இந்தப் படியோடு நின்றுகொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மேலே போக மனமிருந்தால், கடை டெல்லியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலியின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு வருடம்.

ஒன்று மட்டும்: திரும்பி வரும் 3,000 ரூபாயை வாங்கினால் வழக்கு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அது உங்கள் பணம். ‘இத்துடன் முழுத் தீர்வு’ என்று எங்காவது கிளிக் செய்யச் சொன்னால் மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: டெலிகிராம் குழு ஒன்றில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கான கோடு கசிந்தது. போட்டுப் பார்த்தேன், 30,000 ரூபாய் போன் 3,000 ரூபாய்க்கு வந்தது. நானும் நண்பர்களும் 12 போன் ஆர்டர் செய்தோம், விற்கலாம் என்று. எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா?
— வாசகர், கோவை

பதில்: போடலாம், ஜெயிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மறுவிற்பனைக்காக வாங்குகிறவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே அல்ல. நுகர்வோர் ஆணையத்தின் கதவு அங்கேயே மூடிவிடுகிறது.

இனி சிவில் வழக்கு. ஒரு தரப்பு மட்டும் தவறு செய்தது என்பதாலேயே ஒப்பந்தத்தைக் கைவிட முடியாது என்று நம் ஒப்பந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்வதைப் பிடித்துக்கொண்டு உங்கள் வக்கீல் வாதாடுவார். ஆனால் தவறு என்று தெரிந்தே பாய்ந்தவருக்கு நீதிமன்றங்கள் இரங்குவது அரிது. சிங்கப்பூரில் நடந்ததைப் படித்தால் புரியும். 2003 ஜனவரியில் அங்கே டிஜிலேண்ட்மால் தளத்தில் 3,854 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எச்பி லேசர் பிரின்டர் 66 வெள்ளி என்று விலை மாறி ஏறிவிட்டது. நடுராத்திரியில் செய்தி பரவி, ஆறு பேர் மட்டும் 1,606 பிரின்டர் ஆர்டர் போட்டார்கள். தானாகப் போகும் உறுதி மெயில் எல்லோருக்கும் போனது. கடை தர மறுத்ததும் ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். வழக்கில் அவர்களைக் கவிழ்த்தது அவர்களுடைய சாட்தான். உண்மை விலை என்ன என்று இணையத்தில் தேடியது, இது தப்பு விலையாக இருக்குமோ என்று பேசிக்கொண்டது எல்லாம் நீதிமன்றத்தில் வந்தது. 2004இல் நீதிபதி வி. கே. ராஜா, எதிர்த்தரப்பின் தவறு தெரிந்தே வாங்கியதால் ஒப்பந்தம் செல்லாது என்றார். மறு வருடம் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

உங்கள் டெலிகிராம் குழுவில் என்னென்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை மேலே போய்ப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக, 2002 தொடக்கத்தில் பிரிட்டனில் கோடாக் நிறுவனம் 329 பவுண்டு கேமராவை 100 பவுண்டு என்று தவறாகப் போட்டுவிட்டு, முதலில் மறுத்து, வாடிக்கையாளர்கள் வரிந்து கட்டிக்கொண்டு நின்ற பிறகு அதே விலைக்குக் கொடுத்தது. 100 பவுண்டு என்பது புத்தாண்டுத் தள்ளுபடி என்று யாரும் நம்பக்கூடிய விலை. ஊழியர் கோடு என்று தெரிந்தே வாங்கியவருக்கு அந்த வாதம் கிடையாது. பணம் முழுசாகத் திரும்பிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 500 ரூபாய் தள்ளுபடி என்ற கோடில் 800 ரூபாய் சுடிதார் மூன்று எடுத்தேன். ஒன்றைத் திருப்பினேன். 300 ரூபாய்தான் தந்தார்கள். சரியா?
— வாசகி, மதுரை

பதில்: கணக்கு எப்படிப் போனது என்றால், நீங்கள் கட்டியது 1,900. ஒன்று போனதும் மிச்சம் 1,600 ரூபாய்ச் சரக்கு. 2,000க்குக் கீழே வந்துவிட்டதால் தள்ளுபடியை வாபஸ் வாங்கிக்கொண்டு 300 தந்திருக்கிறார்கள். கோடின் நிபந்தனையில் இதை முன்பே சொல்லியிருந்தால், பிடிக்காமல் திருப்பியவர் அதிகம் சண்டை போட முடியாது. தள்ளுபடியை மூன்று உடைக்கும் பிரித்துப் போட்டு 633 ரூபாய் தரும் கடைகளும் உண்டு. அதுதான் நியாயமான முறை என்பேன்.

ஆனால் ஏன் திருப்பினீர்கள் என்று எழுதவில்லையே. தையல் பிரிந்திருந்தாலோ, படத்தில் காட்டியது ஒன்று வந்தது ஒன்று என்றாலோ கதை வேறு. குறையுள்ள பொருளை, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, பணம் தர மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகள் சொல்கின்றன. கடையின் குறைக்கு நீங்கள் தள்ளுபடியை இழப்பது நியாயமில்லை. குறைந்தது 633 ரூபாய் கேளுங்கள்.

கேள்வி: ‘ஃபிளாட் 40 சதவீதம்’ என்று கோடு. கடைசிப் பக்கத்தில் தள்ளுபடி விலைக்கு மேல் ஜிஎஸ்டி தனியாக ஏறுகிறது.
— வாசகர், சேலம்

பதில்: எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் அடங்கிய விலை. அதில் 40 சதவீதம் தள்ளுபடி என்றால், வாங்குகிறவர் மனதில் 60 சதவீதம் கொடுத்தால் போதும் என்றுதான் பதியும். ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் காலத்து வழக்கு ஒன்றில், பெனட்டன் நிறுவனம் இப்படித் தள்ளுபடி விலைக்கு மேல் வரி போட்டதைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் ஏற்கவில்லை. கடைசிக் கட்டத்தில் தொகையை ஏற்றுவதை, இருண்ட உத்திகள் (டார்க் பேட்டர்ன்ஸ்), அதாவது வாங்குகிறவரை ஏமாற்றும் இணையதளத் தந்திரங்கள் குறித்து 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்களும் தடை செய்கின்றன. பில்லை வைத்து 1915இல் பதியுங்கள்.

கேள்வி: போன மாதம் நான் ஒரு ஆர்டரை ரத்து செய்தபோது 100 ரூபாய் பிடித்தார்கள். இந்த மாதம் கோடு போட்டு எடுத்த ஆர்டரை அவர்களே ரத்து செய்தார்கள். எனக்கு ஒன்றும் தரவில்லை.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: இது நேரடியாகவே மின்வணிக விதிகளில் இருக்கிறது. தான் ஒருதலையாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தை ஏற்காத மின்வணிக நிறுவனம், உறுதியான ஆர்டரை ரத்து செய்யும் வாடிக்கையாளரிடமும் கட்டணம் பிடிக்கக் கூடாது. இரண்டு ஆர்டர் எண்களையும் ஒரே புகாரில் அடுத்தடுத்து எழுதி, பிடித்த 100 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள்.